கட்டுப்பாட்டு அறை நாட்குறிப்பு: வயர் இல்லாத ஹெட்செட்

அக்டோபர் 8, 2025, புதன்

எங்கள் ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் ஷிஃப்ட் சூப்பர்வைசர்களான எங்களுக்கு வயர்லெஸ் ஹெட்செட்டும் டேப்லெட்டும் வந்துவிட்டன. ரொம்ப நாளாகக் கேட்டது. அழைப்பில் சிக்கல் என்றால் இதுவரை என் மேஜையில் உட்கார்ந்தபடிதான் கேட்க முடியும். ஆனால் அழைப்பை எடுத்தவரின் முகமும் அவர் திரையும் அங்கிருந்து தெரியாது. எழுந்து பக்கத்தில் போனால் எதிர்முனைக் குரல் போய்விடும். ஆம்புலன்ஸ் கேட்டு அலறும் அழைப்பில் இந்த இரண்டும் சேர்ந்து வேண்டும்.

வரிசையில் எத்தனை பேர் காத்திருக்கிறார்கள், எந்த மேஜையில் அழைப்பு நீள்கிறது என்பதெல்லாம் டேப்லெட்டில் கையோடு வருகிறது. அமெரிக்காவின் 911 அவசர அழைப்பு மையங்களுக்கான தரம், 90 சதவீத அழைப்புகளை 15 விநாடிக்குள் எடுக்க வேண்டும் என்கிறது. அந்த அளவை மனதில் வைத்து வேலை பார்ப்பவர்களுக்கு, சுவர்த் திரையைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும் வேலை குறைவதே பெரிய நிம்மதி.

அக்டோபர் 10, வெள்ளி

சூப்பர்வைசருக்கு மூன்று வசதிகள் உண்டு. சத்தமில்லாமல் கேட்கலாம், நம் ஊழியர் காதில் மட்டும் பேசலாம், நேரடியாக அழைப்பில் நுழையலாம். இரண்டாவதை விஸ்பர் என்போம். எனக்கு அதுதான் உயிர்.

இன்று ஒருவர், "புதூர்ல ஆக்சிடென்ட், சீக்கிரம் வாங்க" என்றார். எந்தப் புதூர் என்று கேட்டால் கோபம் வருகிறது. "அதான் புதூர்னு சொல்றேன்ல!" தமிழ்நாட்டில் மாவட்டத்துக்கு மாவட்டம் புதூர் இருக்கிறது. நான் அழைப்பை எடுத்த பெண்ணின் பக்கத்தில் நின்றிருந்தேன். மாவட்டக் கட்டம் காலியாக இருப்பது தெரிந்தது. பின்னணியில் பஸ் ஹாரன் கேட்டது. "அந்த ரோட்டுல போற பஸ் எந்த ஊருக்குப் போகுதுன்னு கேளும்மா" என்று அவள் காதில் சொன்னேன். கேட்டதும் சொல்லிவிட்டார், வண்டி கிளம்பியது. நான் நடுவில் நுழைந்து பேசியிருந்தால், புதுக் குரலிடம் எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பித்திருப்பார்.

அக்டோபர் 13, திங்கள்

டெக்னீஷியனிடம் நிறையக் கேட்டேன். இந்த ஹெட்செட் புளூடூத் இல்லை, டெக்ட். அதாவது வீட்டுக் கார்ட்லெஸ் போன்களில் இருக்கும் ரேடியோ தரம். புளூடூத்தும் நம் வைஃபையும் 2.4 கிகாஹெர்ட்ஸில் முட்டிக்கொள்ளும், டெக்ட் 1.9 கிகாஹெர்ட்ஸை ஒட்டித் தனியாக ஓடுகிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் அசோக் ஜுன்ஜுன்வாலா குழு 1990-களில் கிராமங்களுக்குத் தொலைபேசி கொண்டுபோக உருவாக்கிய கார்டெக்ட்டும் இதே தரத்தில் அமைந்ததுதான். கேட்கவே சந்தோஷமாக இருந்தது.

ஐரோப்பியத் தரத்தில் 10 அலைவரிசைகள், ஒவ்வொன்றிலும் 12 பேச்சுகளுக்கு இடம். கணக்குப்படி ஒரே நேரத்தில் 120 பேச்சு. நெரிசலான ஹாலில் அத்தனையும் கிடைக்காது. இன்னொன்று, 2008-இல் பெர்லினில் நடந்த மாநாட்டில் டெக்ட் போன்களை ஒட்டுக்கேட்க முடியும் என்று ஆய்வாளர்கள் செய்தே காட்டினார்கள். நம்மிடம் அழுகிறவர்கள் நோயையும் வீட்டு விலாசத்தையும் நம்பிச் சொல்கிறார்கள். புதிய குறியாக்கம் (ஒட்டுக்கேட்டாலும் புரியாதபடி பேச்சை மாற்றும் முறை) உள்ள கருவிதான் வேண்டும் என்று எழுத்தில் கேட்கப்போகிறேன்.

அக்டோபர் 16, வியாழன்

எல்லா மேஜைக்கும் வயர்லெஸ் கொடுத்துவிடலாமே என்று மேலிடத்தில் ஒரு பேச்சு. எனக்குச் சம்மதமில்லை. இதயம் நின்றவரின் நெஞ்சை அமுக்கச் சொல்லி நிமிடத்துக்கு 100 முதல் 120 என்ற வேகத்தில் "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணிக்கொண்டிருக்கும்போது பேட்டரி போனால்? அந்தக் குரலை நம்பித்தான் அங்கே ஒருவர் அமுக்கிக்கொண்டிருக்கிறார். அழைப்பு எடுப்பவருக்கு வயரே இருக்கட்டும். நடமாட வேண்டியவர் சூப்பர்வைசர்.

ஒரு பெண், "அக்கா, நீங்க பின்னாடி வந்து நின்னா கை நடுங்குது" என்றாள். நியாயம்தான். கேட்கும்போது அவரவர் கண்ணுக்குத் தெரிகிற பக்கத்தில் நிற்பேன் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்.

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

சாயங்காலத்திலிருந்து தீக்காயம், தீக்காயம். புதிதாகச் சேர்ந்த தம்பியிடம் ஒரு அம்மா, பையன் கையில் டூத்பேஸ்ட் தடவட்டுமா என்று கேட்டார். அவன் ஒரு நொடி தயங்கினான். "வேண்டாம்னு சொல்லு, குழாய்த் தண்ணியில 20 நிமிஷம் காட்டச் சொல்லு" என்றேன். அவனே சொன்னான், தெளிவாக. அந்த அம்மாவுக்கு நான் இருந்ததே தெரியாது.

அழைப்பு எடுப்பவர்கள் ஹாலின் ஒரு கோடி, வண்டி அனுப்புகிறவர்கள் மறு கோடி. அந்த அழைப்பு காதில் இருக்கும்போதே மறு கோடிக்கு நடந்தேன். தெருமுனையில் சரவெடி, வண்டி உள்ளே போகவில்லை என்று பைலட் (ஆம்புலன்ஸ் ஓட்டுநர்) சொல்லிக்கொண்டிருந்தார். நின்ற இடத்திலிருந்தே தம்பியின் காதில், "பையனை மெயின் ரோட்டுக்குத் தூக்கிட்டு வரச் சொல்லு, வண்டி அங்கதான் நிக்குது" என்றேன். முன்பென்றால் இந்தச் செய்தி இரண்டு மூன்று பேர் வாய் மாறி வந்திருக்கும். பையனை ஏற்றியாச்சு.

நள்ளிரவு தாண்டி பேட்டரி சிவப்பு காட்டியது. மாற்றிக்கொண்டேன்.

அக்டோபர் 22, புதன்

கடிதம் கொடுத்தாயிற்று. ஹெட்செட்டுக்கு இரண்டு பேட்டரி, ஆளுக்குத் தனித்தனிக் காது மெத்தை, குறியாக்கத்துக்கு எழுத்துபூர்வ உறுதி, சூப்பர்வைசர் மேஜையிலும் வயர் உள்ள ஒரு ஹெட்செட் தயாராக. பேட்டரிக்கும் மெத்தைக்கும் உடனே சரி சொல்லிவிட்டார்கள். மற்ற இரண்டையும் மழைக்கால ஏற்பாட்டுக் கூட்டத்தில் மறுபடி எடுப்பேன்.