ஆவ் மாதம் ஒன்பதாம் நாள், ஜெருசலேமில்

யூதர்களின் பெரிய நாட்கள் அநேகமாக எதுவும் அமெரிக்கப் பள்ளிகளின் கோடை விடுமுறையில் வராது. பஸ்கா வசந்தத்திலேயே முடிந்துவிடும். புத்தாண்டும் பாவநிவாரண நாளும் பள்ளி திறந்த பிறகுதான். கோடைக்கு நடுவில் வருவது திஷா பஆவ், அதாவது யூத நாட்காட்டியில் ஆவ் மாதத்தின் ஒன்பதாம் நாள். அது துக்க நாள். ஜெருசலேமில் இருந்த முதல் ஆலயத்தை கி.மு. 586-ல் பாபிலோனியர்களும், இரண்டாம் ஆலயத்தை கி.பி. 70-ல் ரோமானியர்களும் அழித்ததை நினைத்து, சூரியன் மறைவதிலிருந்து மறுநாள் இருட்டும்வரை ஏறக்குறைய 25 மணி நேரம் அன்னமும் தண்ணீரும் தொடாமல் இருப்பார்கள்.

அதனால் அமெரிக்க யூதப் பிள்ளைகள் பலர் இந்த நாளை அறிவதே கோடை முகாமில்தான். என் நண்பர் விஸ்கான்சின் காடுகளுக்குள், ஓர் ஏரிக்கரையில் நடக்கும் அத்தகைய முகாமை நெடுங்காலம் நடத்தியவர். ராமா என்ற பெயரில் நடக்கும் யூத முகாம்களில் முதலாவது 1947-ல் அந்த மாநிலத்தில் தொடங்கியதிலிருந்து வளர்ந்த மரபு அது. சாப்பாட்டுக் கூடம், ஏரி, திடல் எல்லாவற்றுக்கும் எபிரேயப் பெயர். வெள்ளிக்கிழமை மாலை எல்லோரும் வெள்ளை உடை. பாட்டும் நடனமும் சொல்லித்தர இஸ்ரேலிலிருந்து கோடைதோறும் இளைஞர்கள் வருவார்கள். ஆவ் ஒன்பது பிறக்கும் இரவில் மட்டும் பாட்டெல்லாம் நின்றுவிடும். மேஜைகளை ஓரங்கட்டிவிட்டு, மெழுகுவர்த்தியும் டார்ச் லைட்டுமாகத் தரையில் உட்கார்ந்து எரேமியா தீர்க்கதரிசியின் புலம்பல் நூலை வாசிப்பார்கள்.

எல்லோரும் உருகிக்கொண்டிருக்கும்போது இவருக்கு வேறு கவலை. 13 வயது நிரம்பாத பையன்களுக்கும் 12 நிரம்பாத பெண்களுக்கும் நோன்பு கட்டாயமில்லை. ஆனால் பெரியவர்களைப் பார்த்துப் பொடிசுகளும் தண்ணீர் வேண்டாம் என்று அடம்பிடிக்கும். யாராவது வெயிலில் சுருண்டு விழுந்தால் பெற்றோருக்கு யார் பதில் சொல்வது? நிம்மதியாக ஒரு வருஷம்கூட அழுததில்லை என்பார்.

இஸ்ரேலுக்குக் குளிர்காலங்களில் போயிருக்கிறார். ஆவ் ஒன்பதன்று மட்டும் முகாமை விட்டு நகர முடிந்ததில்லை. பொறுப்பை இளையவர் ஒருவரிடம் ஒப்படைத்த கையோடு, அந்த நாளுக்கு ஜெருசலேம் போக டிக்கெட் எடுத்துவிட்டார். "நீங்களும் வாருங்கள், கோயில் என்றால் உங்களுக்குப் பிடிக்குமே" என்றார். இடிந்துபோன கோயிலுக்கு அதுவரை யாரும் என்னைக் கூப்பிட்டதில்லை. சரி என்று கிளம்பிவிட்டேன்.

பென் குரியன் விமான நிலையத்திலிருந்து விரைவு ரயில் அரை மணிக்குள் ஜெருசலேமில் இறக்கிவிடுகிறது. நிலையம் தரைக்கு 80 மீட்டர் கீழே இருக்கிறது. எஸ்கலேட்டர் மாற்றி எஸ்கலேட்டர் ஏறுகையில், "இந்த நகரத்துக்கு எப்போதும் ஏறித்தான் வர வேண்டும் என்று சொல்வோம், இதையும் சேர்த்துத்தான் போலிருக்கிறது" என்று சிரித்தார். அதற்குப் பிறகு மறுநாள் இரவுவரை அவர் சிரித்து நான் பார்க்கவில்லை.

நோன்புக்கு முந்தைய கடைசி உணவு வேகவைத்த முட்டையும் ரொட்டியும். தரையில் உட்கார்ந்து சாம்பலில் தொட்டுச் சாப்பிட வேண்டும். வைகுண்ட ஏகாதசிக்குப் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத பாட்டியிடம் வளர்ந்தவன் என்பதால் நானும் நோன்பிருப்பதாகச் சொன்னேன். அன்று தோல் செருப்பு ஆகாது. கறுப்புக் கோட்டும் தொப்பியுமாக நடந்த பெரியவர்களின் காலில் எல்லாம் ரப்பர் செருப்பு. யாரும் யாருக்கும் முகமன் சொல்வதில்லை. இழவு வீட்டில் நாம் செய்வதைத்தான் ஒரு நகரமே செய்துகொண்டிருந்தது.

குப்பைமேட்டு வாசல் வழியாக உள்ளே போனோம். நாம் அழுகைச் சுவர் என்பதை அவர்கள் மேற்குச் சுவர் என்கிறார்கள். அது ஆலயத்தின் சுவர்கூட இல்லை. ஏரோது மன்னன் ஆலயக் குன்றின் மேற்பரப்பை விரிவாக்கியபோது மண்ணைத் தாங்கிக்கொள்ள எழுப்பிய மதில். முற்றத்தில் தெரிவது 57 மீட்டர் நீளம். முழு மதில் 488 மீட்டர். மிச்சம் வீடுகளுக்குப் பின்னாலும் மண்ணுக்கு அடியிலும் ஓடுகிறது. மேலே குன்றில் பாறைக் குவிமாடமும் அல் அக்ஸா பள்ளிவாசலும் நிற்கின்றன. நாங்கள் நின்ற பெரிய முற்றம் பழைய நகரத்தை இஸ்ரேல் கைப்பற்றிய 1967 போர் முடிந்ததும், அங்கிருந்த மக்ரபி என்ற முஸ்லிம் குடியிருப்பின் வீடுகளை இடித்து உண்டாக்கியது. இடிபட்டதற்காக அழுகிற இடத்தில் அதையும் நினைக்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

கல் இடுக்குகளில் கேப்பர் செடிகள் தொங்க, கைக்கு எட்டும் உயரமெல்லாம் வேண்டுதல் சீட்டுகள். வருஷத்தில் இரண்டு முறை, பஸ்காவுக்கு முன்பும் புத்தாண்டுக்கு முன்பும், அவற்றை எடுத்து ஒலிவ மலையில் புதைக்கிறார்கள். நானும் ஒன்று செருகினேன். தமிழில்தான்.

பிரதான முற்றத்தில் ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி. நண்பரின் முகாமில் எல்லோரும் சேர்ந்தே தொழுவது வழக்கம். அதற்கான மேடை அதே மதிலின் தென்கோடியில், ராபின்சன் வளைவு அருகே இருக்கிறது. எட்வர்ட் ராபின்சன் என்ற அமெரிக்க அறிஞர் 1838-ல் அங்கே மதிலிலிருந்து துருத்தி நின்ற கற்களைக் கவனித்தார். 1968-ல் பெஞ்சமின் மசார் தொடங்கிய அகழாய்வுகள் பின்னாளில் விரிந்தபோது, அடியில் அந்தக் காலத்துத் தெருவே வெளிப்பட்டது. ரோமானியர்கள் கி.பி. 70-ல் மேலிருந்து தள்ளிய கற்கள் இன்றும் அந்தத் தெருவில் குவிந்து கிடக்கின்றன. விழுந்த பாரத்தில் தளக்கற்கள் நொறுங்கி உள்வாங்கியிருக்கின்றன. அதைப் பார்த்தபடி உட்கார்ந்துதான் வாசித்தார்கள்.

ஜனம் நிறைந்திருந்த நகரம் தனித்து உட்கார்ந்துவிட்டதே என்றுதான் புலம்பல் தொடங்கும். தாழ்ந்த, இழுத்துச் சொல்கிற ராகம். அர்த்தம் தெரியாத எனக்கே தொண்டை அடைத்தது. நண்பர் அழவில்லை. வெளியே வந்ததும் சொன்னார்: "ஏரிக்கரையில் இது சுலபமாக இருந்தது. கண்ணை மூடினால் பாழடைந்த நகரம் வந்துவிடும். இங்கே மூடினாலும் பஸ் சத்தம் கேட்கிறது, யாரோ குழந்தையைக் கூப்பிடுகிறார்கள்."

இரண்டாம் ஆலயம் ஏன் அழிந்தது என்ற கேள்விக்கு, யூதர்களின் பழைய சட்ட விளக்க நூலான தல்மூத் ரோமானியரைக் கைகாட்டுவதில்லை. காரணமில்லாத பகைதான் காரணம் என்கிறது. அந்த மதிலடியிலேயே ஆணும் பெண்ணும் சேர்ந்து தொழுவது பற்றி இன்னும் தகராறு. 2016-ல் அரசு ஏற்றுக்கொண்ட சமரசத் திட்டத்தை 2017-ல் நிறுத்திவைத்துவிட்டது. இதே நாளில் இதே மேடையில் கூச்சல் நடந்த வருஷமும் உண்டு. நாங்கள் இருந்தவரை அமைதிதான்.

விடிகாலை நாலரைக்கு விழித்துப் பார்த்தால், அவர் பால்கனியில் போனோடு நிற்கிறார். விஸ்கான்சினில் அப்போதுதான் பொழுது சாய்கிறது. சின்னவர்களுக்குத் தனியாகத் தண்ணீர் வைத்தாயா என்று விசாரித்துக்கொண்டிருந்தார். ஓய்வு என்பது காகிதத்தில்தான்.

நண்பகல்வரை தரை, அப்புறம் நாற்காலி. யூதர்கள் காத்திருக்கும் மீட்பரான மெசியா பிறப்பது இந்தப் பிற்பகலில் என்று ஓர் ஐதீகம் இருக்கிறது. அதனால் சில வீடுகளில் பெண்கள் நோன்போடு நோன்பாக வீட்டைப் பெருக்கித் துடைப்பார்களாம். காலையில் அணியாத தெஃபிலினை, அதாவது வேத வசனங்கள் வைத்த சிறு தோல் பெட்டிகளை, ஆண்கள் பிற்பகல் தொழுகைக்குக் கட்டிக்கொள்கிறார்கள்.

அந்தத் தொழுகையில்தான் சிக்கல். பாழாகி, இகழப்பட்டு, ஆளற்றுக் கிடக்கும் நகரத்தைத் தேற்றும்படி வேண்டும் பகுதி அதில் உண்டு. 1967-க்குப் பிறகு, கண்ணெதிரே மக்கள் நிறைந்த ஊரை வைத்துக்கொண்டு கடவுளிடம் இப்படிச் சொன்னால் அது பொய்யாகாதா என்று கேள்வி எழுந்தது. டெல் அவீவின் தலைமை ரபியாக, அதாவது யூத மதகுருவாக, இருந்த ஹாயிம் தவீத் ஹலேவி, அப்படி இருந்த நகரம் என்று மாற்றிச் சொல்லலாம் என்றார். மரபை மாற்றக்கூடாது என்றவர்களும் பெரியவர்களே. காட்டுக்குள் இருக்கும் முகாமில் இந்தப் பேச்சே வந்ததில்லை. பழைய வாசகமே ஓடிக்கொண்டிருந்தது.

எதைச் சொன்னீர்கள் என்று கேட்டேன். "பழையதைத்தான்" என்றார். "ஊர் பாழாக இல்லை. ஆனால் அந்தக் கற்களை யாரும் இன்னும் எடுத்து வைக்கவில்லையே. பக்கத்தில் யார் நின்று தொழுவது என்ற சண்டையும் ஓயவில்லை. இங்கே வராமல் இருந்திருந்தால் மாற்றித்தான் சொல்லியிருப்பேன்."

இருட்டியதும் நோன்பு முறித்தோம். மறுநாள் நண்பகல்வரை இறைச்சி கிடையாது என்பதால் ரொட்டியும் ஹம்முஸும் தர்ப்பூசணியும். முகாமில் அப்போது மதியம். பிள்ளைகள் இன்னும் தரையை விட்டு எழுந்திருக்க மாட்டார்கள். கற்குவியலின் படங்களைப் புதிய தலைவருக்கு அனுப்பி, பிற்பகல் தொழுகைக்கு முன் பெரிய பிள்ளைகளுக்காவது காட்டச் சொன்னார். பதில் உடனே வரவில்லை. இந்த நேரத்தில் அங்கே யார் போனைத் தொடுவார்கள் என்று சொல்லிக்கொண்டே இன்னொரு துண்டு தர்ப்பூசணியை எடுத்துக்கொண்டார்.