நடக்க முடிந்தது, நாண் அறுந்திருந்தது

கெண்டைக்கால் சதையைக் குதிகால் எலும்போடு இணைக்கும் குதிகால் நாண் அறுந்தவர்கள் கத்துவதற்கு முன் திரும்பிப் பார்ப்பார்கள். யாரோ பின்னாலிருந்து உதைத்துவிட்டதாகத்தான் தோன்றும். பாட்மின்டன் கோர்ட்டில், வலையருகே விழப்போன ஷட்டிலுக்காக இடது காலை ஊன்றிப் பாய்ந்தபோது நானும் அப்படித் திரும்பினேன். பின்னால் ஒருவரும் இல்லை. ‘டப்’ என்ற ஓசை பக்கத்துக் கோர்ட் வரை கேட்டதாம். நாற்பதை நெருங்கும் வயது, வாரம் முழுதும் நாற்காலி, ஞாயிறன்று மட்டும் ஆட்டம். இந்தக் காயம் தேடி வரும் ஆளுக்கு நான் நல்ல மாதிரி என்பது பிறகுதான் தெரிந்தது.

வலி அவ்வளவாக இல்லை. நொண்டியபடி நடந்தே வெளியே வந்தேன். அருகிலிருந்த மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்து, எலும்பு நன்றாக இருக்கிறது, சுளுக்குதான் என்று கிரேப் கட்டுப் போட்டு அனுப்பிவிட்டார்கள். எக்ஸ்ரேயில் எலும்புதான் தெரியும், நாண் தெரியாது. மாமா புத்தூர் கட்டுக்குக் கிளம்பச் சொன்னார். எதிர்வீட்டு அம்மாள் சுளுக்கு வழிக்கும் ஒருவரின் விலாசம் கொடுத்தார். நடக்கிறவனுக்கு நாண் எப்படி அறுந்திருக்கும் என்பதே எல்லோருடைய வாதமும்.

நடக்க முடியும். 2013 ஏப்ரலில் கூடைப்பந்து வீரர் கோபி பிரையன்ட் இதே நாண் அறுந்த நிலையில் ஃப்ரீ த்ரோ (தடுப்பார் இல்லாமல் எறிவது) எறியும் கோட்டுக்கு நடந்துபோய் இரண்டையும் கூடைக்குள் போட்டார். அதை மன உறுதிக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். உறுதிதான், மறுக்கவில்லை. ஆனால் விரல்களுக்கும் உள்பாதத்துக்கும் போகும் வேறு நாண்கள் கணுக்காலின் பின்புறமாகத்தான் இறங்குகின்றன. அவை பாதத்தை ஓரளவு கீழே அழுத்திக் கொடுத்துவிடும். அதனால்தான் இந்தக் காயம் சுளுக்கு என்ற பெயரில் ஒளிந்துகொள்கிறது.

வீக்கம் வற்றாததால் எலும்பு மருத்துவர் ஒருவரிடம் போனேன். கவிழ்ந்து படுக்கச் சொல்லி, பாதங்களைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, கெண்டைக்கால் சதையைக் கையால் பிழிந்தார். வலது பாதம் கீழ்நோக்கி அசைந்தது. இடது பாதம் அசையவே இல்லை. தாம்ப்சன் சோதனை என்றார். இயந்திரம் எதுவும் தேவைப்படாத, ஒரு நிமிடம்கூட ஆகாத சோதனை. முதலில் போன மருத்துவமனையில் இதைச் செய்யாமல் விட்டது இன்றும் எனக்கு ஆற்றாமைதான். குதிகாலுக்குச் சில சென்டிமீட்டர் மேலே, இரத்த ஓட்டம் குறைவான பகுதியில் ஒரு பள்ளம் விரலுக்குத் தட்டுப்பட்டது. சமீபத்தில் சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் போன்ற மாத்திரை சாப்பிட்டீர்களா, ஸ்டீராய்டு ஊசி போட்டீர்களா என்றும் கேட்டார். அந்த வகை ஆன்டிபயாட்டிக்குகள் நாணைப் பலவீனப்படுத்தலாம் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

அறுவை சிகிச்சையா, இல்லையா என்பதில் வீடே இரண்டு கட்சியானது. மருத்துவர் 2022இல் வெளியான நார்வே ஆய்வு ஒன்றை எடுத்துச் சொன்னார். ஓராண்டு முடிவில், அறுவை சிகிச்சை செய்தவர்கள், செய்யாதவர்கள் என இரு தரப்பினரின் கால்களும் ஏறத்தாழ ஒரே அளவுக்குத் தேறியிருந்தன. மறுபடி அறுந்தது அறுவை சிகிச்சை செய்யாதவர்களில் 6.2 சதவீதம், செய்தவர்களில் 0.6 சதவீதம். ஆனால் கத்தி வைத்தவர்களுக்கு நரம்புச் சேதம் கூடுதல். அல்ட்ராசவுண்டில், பாதத்தைக் கீழ்நோக்கி வளைத்தபோது என் நாணின் இரு முனைகளும் தொட்டுக்கொண்டன. காயமும் பழையதாகிவிடவில்லை. கத்தி வேண்டாம் என்று முடிவாயிற்று. தினமும் போட்டி ஆடுகிற இருபது வயதுக்காரனாக இருந்திருந்தால் வேறு மாதிரி முடிவெடுத்திருப்பேன்.

மாவுக்கட்டுக்குப் பதில் முழங்காலுக்குக் கீழே வரை வரும் பூட். குதிகாலுக்கு அடியில் அடுக்கிய ஆப்புத் துண்டுகள் பாதத்தைக் கீழ்நோக்கியே வைத்திருக்கும். சில வாரங்களுக்கு ஒருமுறை ஒரு துண்டை உருவுவார்கள். தூங்கும்போதும் கழற்றக் கூடாது. கெண்டைக்கால் திடீரென வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ உடனே வர வேண்டும், இரத்தக் கட்டியாக இருக்கலாம் என்று எச்சரித்தார்கள்.

பூட் கழன்ற பிறகுதான் நம் வீட்டுப் பழக்கங்கள் குறுக்கே வந்தன. குதிகால் உயர்ந்த ஷூவோடுதான் வீட்டுக்குள்ளும் நடக்க வேண்டும் என்றார் இயன்முறை மருத்துவர். செருப்போடு நிலைப்படி தாண்டினால் அம்மா சும்மா விடுவாரா? தெருவே பார்க்காத புது ஷூ ஒன்றை வீட்டுக்கென்று வாங்கிய பிறகே சமாதானமானார். பூஜை அறைப் பக்கம் மட்டும் அப்போதும் அனுமதி இல்லை. குந்தி உட்காரவே கூடாது, அந்த நிலையில் நாண் முழுதாக இழுபடும்.

இந்த இழுபடுதல்தான் முக்கியம். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் “காலை நல்லா நீட்டி மடக்கு, இறுகிவிடும்” என்றார்கள். நிலைமை நேர்மாறானது. ஆறும் நாண் நீண்டுவிட்டால் கெண்டைக்கால் எவ்வளவு சுருங்கினாலும் குதிகாலைத் தூக்கும் வலு வராது. இறுக்கத்தைப் பிறகு தளர்த்திக்கொள்ளலாம், நீண்டுபோனதைக் குறுக்க எளிய வழி கிடையாது. அறுவை சிகிச்சை பற்றி வீட்டில் நடந்த விவாதத்தில் பாதி நேரத்தையாவது இதற்கு ஒதுக்கியிருக்கலாம்.

மாதங்கள் போயின. இரண்டு காலிலும் எம்பி நிற்பது வந்தது. இடது காலில் மட்டும் நின்று குதிகாலைத் தூக்குவது வரவே இல்லை. மூளை சொல்கிறது, பாதம் தரையிலேயே கிடக்கிறது. சுவரைப் பிடித்துக்கொண்டு, எடையில் பாதியைக் கைக்குக் கொடுத்து, தினமும் அதையே செய்தேன். கிரிக்கெட்டில் கட்டை போடுவதைவிடச் சலிப்பான வேலை. முதல் முறை எழும்பியபோது ஒரு அங்குலம்கூட இருந்திருக்காது. ஓடுவதற்கான அனுமதி, காலண்டரைப் பார்த்து அல்ல, அந்த அங்குலம் எத்தனை முறை திரும்ப வருகிறது என்பதைப் பார்த்தே கிடைத்தது.

ஓராண்டு கழித்துக் கோர்ட்டில் இறங்கினேன். இடது கெண்டைக்கால் இன்னும் வலதைவிட மெலிந்தே இருக்கிறது. இரட்டையர் ஆட்டம் மட்டும்தான் ஆடுகிறேன். வலையருகே துள்ளி விழும் ஷட்டில்களைப் போகட்டும் என்று விட்டுவிடுகிறேன். என் இணை ஆட்டக்காரருக்கு அதில் வருத்தம்தான்.