இரண்டு தாள் கனம்

2025 செப்டம்பரில் ஐபோன் ஏர் அறிமுகமான மறுநாள் காலை. என் செல்போன் ரிப்பேர் கடையைத் திறந்து சாமி படத்துக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தேன். ஒரகடத்தில் வேலை பார்க்கும் இரண்டு பையன்கள், இரவு ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக என் கடைக்கு வந்தார்கள். ஒருவனுக்கு டெம்பர் கிளாஸ் ஒட்ட வேண்டும். ஒட்டி முடிக்கும்வரை இருவருக்கும் வாக்குவாதம். அந்த வருஷம் மே மாதம் வந்த சாம்சங் எஸ்25 எட்ஜ் 5.8 மில்லிமீட்டர் கனம். ஐபோன் ஏர் 5.6.

“பாத்தியா, 0.2 கொறச்சிட்டான்” என்கிறான் ஒருவன். “பேட்டரி எவ்ளோன்னு மொதல்ல கேளு” என்கிறான் மற்றவன். கடைசியில் என் பக்கம் திரும்பினார்கள். “நீங்க சொல்லுங்கண்ணா, எது பெஸ்ட்டு?”

பிரிண்டரிலிருந்து இரண்டு ஏ4 தாளை எடுத்து, சேர்த்துப் பிடித்து அவர்கள் கையில் கொடுத்தேன். 0.2 மில்லிமீட்டர் ஏறக்குறைய அவ்வளவுதான். இருவரும் விரல் நடுவே வைத்துத் தடவிப் பார்த்தார்கள். “எது பெஸ்ட்டுன்னு ரெண்டு வருஷம் கழிச்சு பேட்டரி மாத்த எடுத்துட்டு வருவீங்க இல்ல, அப்ப கேளுங்க, சொல்றேன்” என்றேன். அதை விளையாட்டுக்குச் சொல்லவில்லை. போன் பற்றிய என் அபிப்பிராயம் எல்லாம் அதைத் திறக்கும்போது உண்டானதுதான்.

காஞ்சிபுரத்தில் இந்த வேலைக்கு நான் வந்தது 2005-ல். முதலாளி எனக்கு முதலில் கொடுத்தது நோக்கியா 1100. 2003-ல் வந்த அந்த டார்ச் லைட் போன் உலகம் முழுக்க 25 கோடிக்கு மேல் விற்றது. கட்டை விரலால் பின் மூடியைத் தள்ளினால் கழன்றுவிடும். உள்ளே பிஎல்-5சி பேட்டரி. நகத்தால் நெம்பினால் கையில் வந்துவிடும். வேலை கற்றுக்கொள்ளாத பையனான எனக்கே பத்து வினாடிதான் ஆனது.

2007 ஆகஸ்டில் ஒரு நாள் டிவியில் செய்தி. ஜப்பானின் மட்சுஷிதா நிறுவனம் நோக்கியாவுக்குச் செய்துகொடுத்த 5சி பேட்டரிகளில் 4 கோடியே 60 லட்சம், சார்ஜ் போடும்போது சூடாகலாம் என்று நோக்கியாவே அறிவித்தது. மறுநாள் காலை கடை வாசலில் கூட்டம். பேட்டரி பின்னால் 26 எழுத்து, எண் கொண்ட ஒரு வரிசை இருக்கும். அதை லென்ஸ் வைத்து ஒவ்வொன்றாகப் படித்துக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தோம். எண் பட்டியலில் இருந்தால் புது பேட்டரி கிடைக்கும். போன் அவரவர் சட்டைப் பையிலேயே இருந்தது. நம்பர், மெசேஜ், யாரோ அனுப்பிய கல்யாணத் தேதி எதுவும் போகவில்லை.

ஒன்பது வருஷம் கழித்து, 2016-ல் சாம்சங்கின் நோட் 7. ஆகஸ்டில் வந்தது. பேட்டரி தீப்பிடித்ததால் செப்டம்பரில் திரும்பப் பெற்றார்கள். மாற்றிக் கொடுத்த போன்களும் தீப்பிடித்தன. அக்டோபரில் தயாரிப்பையே நிறுத்தினார்கள். இந்த முறையும் கோளாறு பேட்டரியில்தான். ஆனால் பேட்டரியை மட்டும் கழற்றிக் கொடு என்று யாரிடமும் சொல்ல முடியவில்லை, அது உள்ளே பசை போட்டு ஒட்டியிருந்தது. முழுப் போனையும் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. இந்த இரண்டு செய்திகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யாரும் எழுதியதை நான் பார்க்கவில்லை. என் மேசையிலிருந்து பார்த்தால் இந்த இருபது வருஷக் கதை அந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது.

பசையை ஆரம்பித்து வைத்தது ஆப்பிள். 2007-ல் வந்த முதல் ஐபோனிலேயே பேட்டரியை வாங்கியவர் கழற்ற முடியாது. சாம்சங் அதைப் பிடித்துக்கொண்டு கிண்டல் செய்தது. 2014-ல் ஒரு விளம்பரம்: விமான நிலையத்தில் ஐபோன் வைத்திருப்பவர்கள் எல்லாம் ப்ளக் பாயிண்ட் தேடிச் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருப்பார்கள், கேலக்ஸி எஸ்5 வைத்திருப்பவர் புது பேட்டரியை மாட்டிக்கொண்டு நடந்துபோவார். நல்ல விளம்பரம். சொன்னதும் உண்மை. எஸ்5-ஐ நான் பல முறை திறந்திருக்கிறேன். மூடி நகத்தால் கழலும், ஆனாலும் தண்ணீர் உள்ளே போகாது. மூடியின் உள்பக்கம் மெல்லிய ரப்பர் விளிம்பு ஓடும். தண்ணீர் புகாமல் இருக்கத்தான் பசை போடுகிறோம் என்று இப்போது யாராவது சொன்னால் எனக்கு அந்த ரப்பர் விளிம்பு ஞாபகம் வரும்.

அடுத்த வருஷமே எஸ்6 வந்தது. பின்பக்கம் கண்ணாடி, பேட்டரி ஒட்டியாகிவிட்டது, மெமரி கார்டு போடும் இடமும் போயிற்று.

அப்புறம் இதே கதை திரும்பத் திரும்ப நடந்தது. 2016-ல் ஐபோன் 7-ல் ஹெட்போன் ஓட்டையை எடுத்தார்கள். அதற்குத் துணிச்சல் வேண்டும் என்று மேடையிலேயே சொன்னார்கள். கூகுள் அதே வருஷம் தன் பிக்சல் போன் விளம்பரத்தில் எங்களிடம் ஓட்டை இருக்கிறது என்று சொல்லிக்காட்டியது, அடுத்த வருஷம் பிக்சல் 2-ல் எடுத்துவிட்டது. சாம்சங் 2019-ல் நோட் 10-ல் எடுத்தது. 2020-ல் ஐபோன் 12 பெட்டியில் சார்ஜர் இல்லை. எங்கள் பெட்டியில் உண்டு என்று பதிவு போட்ட சாம்சங், பிறகு அந்தப் பதிவை நீக்கியது. 2021 ஜனவரியில் வந்த எஸ்21 பெட்டியிலும் சார்ஜர் இல்லை.

இவர்கள் ஒருவருக்கொருவர் எதிரிகள் என்று நம்பித்தான் பையன்கள் சண்டை போடுகிறார்கள். 2011-ல் தொடங்கிய ஆப்பிள், சாம்சங் வழக்கு 2018 வரை ஓடியது. அந்த வழக்கு நடக்கும்போதே, 2017-ல் வந்த ஐபோன் எக்ஸின் டிஸ்ப்ளேயைச் செய்துகொடுத்தது சாம்சங்தான். அது தவறு என்று நான் சொல்லவில்லை, வியாபாரம் அப்படித்தான் நடக்கும். கேமராவிலும் விலையிலும் இவர்கள் மோதுவது நிஜம், அதில் நமக்கு லாபமும் உண்டு. 2014-ல் ஷாவ்மி இந்தியாவுக்கு வந்த பிறகுதான் எங்கள் ஊர் நெசவாளி வீட்டுப் பிள்ளை கையில் நல்ல ஆண்ட்ராய்டு போன் வந்தது. ஆனால் போனிலிருந்து ஒரு பொருளை எடுத்துவிடுவது என்று வந்தால், ஒருவர் எடுக்கிறார், மற்றவர் கேலி செய்கிறார், ஜனங்கள் பொறுத்துக்கொள்கிறார்களா என்று பார்த்துவிட்டு அவரும் எடுக்கிறார். அந்த இடத்தில் போட்டியே இல்லை.

பசையைக்கூட நான் மன்னித்துவிடுவேன். சூடு காட்டினால் இளகும். பூட்டு வேறு விஷயம். டிஸ்ப்ளே, பேட்டரி, கேமரா ஒவ்வொன்றின் எண்ணையும் அந்தப் போனின் மெயின் போர்டோடு முடிச்சுப் போட்டுவிடுகிறார்கள். ஒரே கம்பெனியின் ஒரிஜினல் பாகத்தை இன்னொரு போனிலிருந்து எடுத்து மாட்டினாலும் போன் ஏற்றுக்கொள்ளாது, அல்லது திரையில் எச்சரிக்கை காட்டிக்கொண்டே இருக்கும். 2021-ல் ஐபோன் 13 வந்தபோது டிஸ்ப்ளே மாற்றினால், முகத்தைப் பார்த்துப் போனைத் திறக்கும் ஃபேஸ் ஐடி வேலை செய்யவில்லை. பழைய டிஸ்ப்ளேயில் இருக்கும் அரிசி நொய் அளவு சிப்பை மைக்ராஸ்கோப்புக்கு அடியில் எடுத்துப் புது டிஸ்ப்ளேயில் வைக்க வேண்டும். உலகம் முழுக்க மெக்கானிக்குகள் சத்தம் போட்ட பிறகு ஆப்பிள் மென்பொருளில் அதைச் சரிசெய்தது. சத்தம் போட்டால் நடக்கிறது என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

போன மழைக்காலத்தில் ஒரு பெண் வந்தார். 2007-லிருந்து ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையில் லைனில் இருந்தவர். 2014 நவம்பரில் ஆலை நின்றபோது வெளியே வந்து, இப்போது வீட்டிலேயே தையல் வேலை. கொண்டுவந்த போன் எந்தக் கம்பெனி என்பது இங்கே வேண்டாம். பேட்டரி உப்பி டிஸ்ப்ளேயை ஒரு பக்கம் தூக்கிவிட்டிருந்தது. விளிம்பில் உள்ளே விளக்கு தெரிந்தது.

“வெச்சிட்டுப் போங்கம்மா, சாயங்காலம் வாங்க” என்றேன்.

“இல்லண்ணா, நான் பாக்கறேன்” என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

முதலில் சார்ஜை முழுக்க இறக்கினேன். ஹீட்டர் தட்டில் வைத்துப் பின் கண்ணாடியைச் சூடாக்கி, உறிஞ்சியால் தூக்கி, பிளாஸ்டிக் கார்டை நுழைத்து ஓரம் ஓரமாக அறுத்தேன். இரும்பு எதையும் உள்ளே விடக் கூடாது. பேட்டரி ஓரத்தில் ஐபிஏ என்கிற, பசையை இளக்கும் ஆல்கஹாலைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பசை ஊறட்டும் என்று காத்திருந்தேன். உப்பின பேட்டரியை வளைக்கவும் கூடாது. உறை கிழிந்தால் இனிப்பான ஒரு வாடை வரும், அது வந்தால் மூச்சை அடக்கிக்கொண்டு காலடியில் இருக்கும் மணல் வாளியில் போட்டுவிட வேண்டும். நாற்பது நிமிஷம். கண்ணாடி உடையவில்லை, பேட்டரி முழுசாக வந்தது. என் முதுகு வேர்த்திருந்தது.

அவர் இவ்வளவு நேரமும் ஒரு வார்த்தை பேசவில்லை. பேட்டரி வெளியே வந்ததும் சொன்னார்: “எங்க லைன்ல பேட்டரி தனியாத்தான் வரும்ணா. போன் ஒரு பக்கம், பேட்டரி ஒரு பக்கம், பொட்டிக்குள்ள வெச்சு அனுப்புவோம். வாங்கறவங்க அவங்களே போட்டுக்குவாங்க.” கொஞ்சம் நிறுத்தி, “அதான முதல் வேலையே, புதுப் போன் வாங்கினா” என்றார்.

எனக்குத் தொண்டை அடைத்தது. அந்தச் சின்னச் சந்தோஷத்தை நானும் மறந்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வந்து போன் வாங்கி, வீட்டுப் பெரியவர் கையால் சிம்மும் பேட்டரியும் போடச் சொல்லி, மூடியை அழுத்தும்போது வரும் ‘டிக்’ சத்தத்தைக் கேட்டுவிட்டுப் போனவர்கள் எத்தனை பேர். தன் கையால் திறந்து மூடிய பொருள் தன்னுடையது என்று மனசுக்குத் தெரியும். மூன்று மாதச் சம்பளத்தை ஈஎம்ஐயில் கட்டிவிட்டு, உள்ளே இருக்கும் பேட்டரியைத் தொட இன்னொருவரிடம் கேட்க வேண்டும் என்பதை நான் இருபது வருஷமாக இந்த வேலையில் இருந்தும் ஏற்றுக்கொள்ளவில்லை. அந்தக் கஷ்டத்தில்தான் என் சாப்பாடு என்றாலும் ஏற்றுக்கொள்ளவில்லை.

பூட்டைக் கழற்ற வைத்தது பெரும்பாலும் சட்டம். ஐரோப்பிய யூனியன் எல்லோருக்கும் ஒரே சார்ஜிங் பின் என்று சட்டம் போட்டது. 2012-லிருந்து தனிப் பின் வைத்திருந்த ஆப்பிள் 2023-ல் ஐபோன் 15-ல் டைப் சி-க்கு வந்தது. 2027 பிப்ரவரியிலிருந்து அங்கே விற்கும் போன்களில் பேட்டரியை வாங்கியவரே மாற்றும்படி இருக்க வேண்டும் என்றும் சட்டம் இருக்கிறது, சில விலக்குகளோடு. அமெரிக்காவில் ஓரிகன் மாகாணம் பாகங்களை எண்ணால் பூட்டுவதற்கு எதிராக 2024-ல் சட்டம் கொண்டுவந்தது. நம் நாட்டில் 2022 டிசம்பரில் பழுது நீக்கும் உரிமைக்கு ஒரு இணையதளம் தொடங்கினார்கள். அதைச் சட்டமாக்க வேண்டும். ஐபோன் செய்வது இங்கே, ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில். செய்கிற ஊரில் அதைத் திறக்கிற உரிமையும் இருக்க வேண்டும் என்று கேட்பது பெரிய ஆசை இல்லை.

புதுப் போன் அறிமுகமாகும் நாளில் பத்திரிகைக்காரர்கள் கேட்க வேண்டிய கேள்வியும் இதுதான்: பேட்டரி மாற்ற எவ்வளவு நேரம், எவ்வளவு காசு, எத்தனை வருஷத்துக்குப் பாகம் கிடைக்கும்?

அந்தப் பெண்ணின் போனை மூடிக் கொடுத்து அனுப்பிய பிறகு, பஸ் ஸ்டாண்டில் பூ விற்கும் ஆயா வந்தார். கையில் சின்ன எஃப்எம் ரேடியோ. “5சி ஒண்ணு குடுப்பா, இது நிக்கவே மாட்டேங்குது.” அந்த பேட்டரியை இன்னமும் வாங்கி வைக்கிறேன், இந்த மாதிரி ரேடியோக்களுக்கு. எடுத்துக் கொடுத்துவிட்டு, நானே போட்டுத் தருகிறேன் என்று கை நீட்டினேன்.

“வுடு, எனக்குத் தெரியும்” என்று பூக்கூடையைக் கவுண்டர் மேல் வைத்தார். மூடியைத் தள்ளினார், பழையதை நெம்பி எடுத்தார், புதியதை அழுத்தினார். நாயனச் சத்தம் வந்தது. காசைக் கொடுத்துவிட்டு, ரேடியோவைப் பூவுக்கு நடுவில் வைத்துக்கொண்டு நடந்தார்.