தீம் பார்க்கில் பத்தியம்: எண்ணெய்ச் சட்டியைப் பற்றிக் கேளுங்கள்

தீம் பார்க் கடைகளில் பெரும்பாலும் சமையலே நடப்பதில்லை. அலர்ஜியோ வேறு உணவுக் கட்டுப்பாடோ உள்ளவர் இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. மாவு தோய்த்த சிக்கன், நறுக்கி உறையவைத்த உருளைக்கிழங்கு, பை பையாக வரும் சாஸ் எல்லாம் ஏதோ ஒரு ஆலையிலோ பார்க்கின் பொதுச் சமையற்கூடத்திலோ தயாராகி வருகின்றன. கடையில் நடப்பது பொரிப்பதும் சூடாக்குவதும் மட்டும்தான். ஆகவே "பால் போடாமல் செஞ்சு தர முடியுமா?" என்று கேட்டால் பல இடங்களில் கையை விரிப்பார்கள். பால் அந்த சாஸில் எப்போதோ கலந்தாயிற்று.

இதில் ஒரு வசதியும் உண்டு. பையில் வந்ததற்கு லேபிள் இருக்கும். கவுண்டரில் நிற்பவர் சீசனுக்கு மட்டும் வேலைக்கு வந்த இளைஞராக இருக்கலாம். அவரிடம் "இதுல முட்டை இருக்கா?" என்றால் "இருக்காதுன்னு நினைக்கிறேன்" என்பார். அந்த நினைப்பை நம்பிச் சாப்பிட முடியாது. "அந்தப் பாக்கெட்டைக் கொஞ்சம் காட்டுங்க, நானே படிச்சுக்கறேன்" என்று கேளுங்கள், அல்லது மேற்பார்வையாளரைக் கூப்பிடச் சொல்லுங்கள். பெரிய பார்க்குகள் பலவற்றில் அலர்ஜிப் பட்டியல் போட்ட தனிக் கோப்பு ஒன்று கவுண்டருக்கு அடியிலேயே இருக்கும். கேட்காதவரை அது வெளியே வராது.

லேபிளைப் படிக்கும்போது எந்த நாட்டில் நிற்கிறோம் என்பது நினைவில் இருக்கட்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் கட்டாயம் குறிப்பிட வேண்டிய அலர்ஜிப் பொருட்கள் 14. பாக்கெட் போடாமல் விற்கும் உணவுக்கும் அந்தத் தகவலைத் தர வேண்டும் என்ற விதி 2014 டிசம்பரிலிருந்து உண்டு. அமெரிக்காவில் பாக்கெட் உணவுக்கான பட்டியலில் இருப்பவை 9. ஒன்பதாவதாக எள் சேர்ந்தது 2023 ஜனவரியில்தான். கடுகு அந்த ஒன்பதில் இல்லை, ஆகவே வெறும் 'மசாலா' என்ற சொல்லுக்குள் அது ஒளிந்துகொள்ளலாம். பார்லியும் இல்லை. குளூட்டன் (கோதுமை, பார்லி போன்றவற்றில் உள்ள புரதம்) ஆகாதவர் 'கோதுமை இல்லை' என்பதோடு நின்றுவிடாமல், பெரும்பாலும் பார்லியிலிருந்து செய்யும் 'மால்ட்' என்ற சொல்லையும் தேட வேண்டும். இரண்டு இடத்திலும் 'இருக்கலாம்' என்ற எச்சரிக்கை வரி நிறுவனம் விரும்பினால் போடுவது. அது இல்லாததால் கலப்பே இல்லை என்று ஆகிவிடாது.

இனி எண்ணெய்க்கு வருவோம். பத்தியக்காரர்கள் அதிகம் ஏமாறுவது ஃப்ரைஸில்தான். உருளைக்கிழங்கு, எண்ணெய், உப்பு, இதில் என்ன வந்துவிடப் போகிறது என்று தோன்றும். முதல் சிக்கல், சில ஃப்ரைஸுக்கு மொறுமொறுப்புக்காக மெல்லிய மாவுப்பூச்சு உண்டு. இரண்டாவது, எண்ணெய்த் தொட்டி. காலையில் ஃப்ரைஸுக்கு ஒன்று, சிக்கனுக்கு ஒன்று என்று ஒழுங்காகத்தான் தொடங்குவார்கள். மதியம் வரிசை நீண்டதும் எந்தத் தொட்டி காலியோ அதில் கூடை இறங்கிவிடும். மூன்றாவதை அநேகமாக யாரும் யோசிப்பதில்லை. எண்ணெயை வடிகட்டும் இயந்திரம் பல கடைகளில் ஒன்றே ஒன்றுதான். சிக்கன் தொட்டியின் எண்ணெய் ஓடிய அதே குழாயில் ஃப்ரைஸ் தொட்டியின் எண்ணெயும் ஓடும். நான்காவது, பொரித்ததைக் கொட்டி உப்புத் தூவும் தட்டு. எல்லாவற்றுக்கும் ஒரே தட்டு, ஒரே கரண்டி. எண்ணெய் 180 டிகிரி சூட்டில் கொதிக்கிறதே, எல்லாம் எரிந்து போகாதா என்று சிலர் கேட்பார்கள். கிருமி சாகும், குளூட்டன் போகாது. மீன் பொரித்த எண்ணெய் சைவமாகவும் மாறாது.

ஆகவே கேள்வியை மாற்றிப் போடுங்கள். "ஃப்ரைஸ்ல கோதுமை இருக்கா?" என்றால் "இல்லை" என்று வரும், அது பொய்யும் ஆகாது. "ஃப்ரைஸ் போடற எண்ணெயில வேற என்னென்ன போடுவீங்க?" என்று கேட்டால் எதிரில் இருப்பவர் ஒரு நொடி யோசித்துப் பட்டியல் சொல்வார். ஆமாம், இல்லை என்று முடியாத கேள்வியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். கிரில்லுக்கும் இதே வழி: அந்தக் கல்லில் பன்னும் வாட்டுகிறார்களா, சுரண்டும் தகடு ஒன்றுதானா? குளூட்டன் இல்லாத பன் வைத்திருக்கும் கடை அதைப் பொது டோஸ்டரில் போட்டுத் தந்தால் அந்தப் பன்னால் பயனில்லை. குளூட்டன் இல்லாத பாஸ்தாவைப் பொதுத் தண்ணீரில் வேகவைப்பதும் அப்படித்தான்.

எவ்வளவு கலந்தால் கெடுதல் என்பதற்கு ஒரு கணக்கு. 'குளூட்டன் இல்லை' என்று போட வேண்டுமானால் சர்வதேசத் தரப்படி கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது. சீலியாக் நோயாளிகள் (குளூட்டன் குடலைப் பாதிக்கும் நோய் உள்ளவர்கள்) பெரும்பாலோருக்கு ஒரு நாளைக்கு 10 மில்லிகிராம் வரை தாங்கும் என்று கருதுகிறார்கள். சாதாரண ரொட்டித் துண்டு ஒன்றில் சுமார் 2 கிராம் குளூட்டன் இருக்கும். அதை 200 துணுக்குகளாகப் பிய்த்தால் ஒரு துணுக்குதான் அந்த 10 மில்லிகிராம். டோஸ்டர் கம்பியில் ஒட்டியிருக்கும் தூள் அதைவிடப் பெரிதாகவும் இருக்கலாம்.

தட்டு தப்பாக வந்தால் என்ன செய்வது? சாலட்டில் ரொட்டித் துண்டு கிடக்கிறது, பன் வேண்டாம் என்ற பர்கர் பன்னோடு வருகிறது. திருப்பிக் கொடுத்தால், அவசரத்தில் பன்னை எடுத்துப் போட்டுவிட்டு அதே தட்டை மீண்டும் நீட்டும் வாய்ப்பு உண்டு. தப்பான தட்டை மேசையிலேயே வைத்துக்கொண்டு, புதிதாகச் செய்து வரச் சொல்லுங்கள்; புதியது வந்தபின் பழையதைக் கொடுங்கள். கொஞ்சம் முரட்டுத்தனமாகத் தோன்றலாம், பலன் நிச்சயம்.

மொபைல் ஆர்டர் வசதிதான், ஆனால் அலர்ஜிக்காரர் அதை மட்டும் நம்பக் கூடாது. குறிப்புப் பெட்டியில் எழுதியதைச் சமைப்பவர் பார்த்தாரா என்பது நமக்குத் தெரிய வழியில்லை. கடும் அலர்ஜி என்றால் கவுண்டருக்கே போங்கள், அதுவும் 11 மணிக்கு அல்லது 3 மணிக்கு. 12 முதல் 2 வரை யாருக்கும் காது கேட்காது. கரண்டிகள் இடம் மாறாமல் இருக்க வாய்ப்பு அதிகம் கடை திறந்த முதல் அரை மணி நேரத்தில்தான். பஃபேயில் இது இன்னும் முக்கியம். அங்கே சமையற்காரர் தவறு செய்யாவிட்டாலும், பக்கத்தில் நிற்பவர் ஒரு பாத்திரத்துக் கரண்டியை இன்னொன்றில் போட்டுவிடுவார். உள்ளே இருந்து தனியாக ஒரு தட்டு எடுத்து வரச் சொல்லுங்கள், பல இடங்களில் செய்வார்கள்.

தள்ளுவண்டிகளைப் பலர் பயந்து ஒதுக்குகிறார்கள். உண்மையில் உறையோடு விற்கும் குச்சி ஐஸ், கரண்டியால் அள்ளித் தரும் ஐஸ்கிரீமைவிட நம்பகமானது. அள்ளும் கரண்டி ஒரே தண்ணீரில் முங்கி எழுந்து எல்லா டப்பாவுக்கும் போகிறது. பாப்கார்னில் வெண்ணெயா வெண்ணெய் வாசனை எண்ணெயா என்று எண்ணெய் டப்பாவைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

சைவம், வீகன், மதக் கட்டுப்பாடு உள்ளவர்களுக்குச் சிக்கல் வேறு இடத்தில். கண்ணுக்குத் தெரியும் இறைச்சியை விட்டுவிட்டால் சைவம் என்று நினைக்கும் சமையலறைகள் ஏராளம். சூப்பும் சோறும் எந்த ஸ்டாக்கில் (எலும்போ காய்கறியோ வேகவைத்து எடுத்த சாறு) வெந்தன என்று கேளுங்கள். சீசர் டிரெஸ்ஸிங்கிலும் வூஸ்டர் சாஸிலும் நெத்திலி வகை மீன் இருப்பது வழக்கம். மார்ஷ்மெல்லோவில் பெரும்பாலும் ஜெலட்டின். சிவப்பு நிறத்துக்கு இ120 (உணவுச் சேர்க்கைப் பொருளின் எண்) போட்டிருந்தால் அது பூச்சியிலிருந்து எடுத்தது. இ471 என்ற கொழுப்புச் சேர்க்கை தாவரத்திலிருந்தும் வரலாம், விலங்கிலிருந்தும் வரலாம். லேபிளை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது.

வெளிநாடு என்றால் அந்த ஊர் மொழியில் ஒரு அட்டை. நாலே வரி போதும்: எது ஆகாது, அது எந்தெந்தப் பெயர்களில் வரும், ஒரே எண்ணெயும் ஒரே கரண்டியும்கூட ஆகாது, சந்தேகம் இருந்தால் இல்லை என்று சொல்லிவிடுங்கள். இயந்திர மொழிபெயர்ப்பை அந்த மொழி பேசுபவர் ஒருவரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

வெளிச்சாப்பாடு கூடாது என்று சொல்லும் பார்க்குகள்கூட, மருத்துவக் காரணம் என்றால் பெரும்பாலும் அனுமதிக்கும். முன்கூட்டியே எழுதிக் கேட்டு, வந்த பதிலைக் கைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள். வாசலில் பை சோதிப்பவர்கள் பொதுவாகத் தடுப்பது கண்ணாடிப் பாத்திரத்தையும் உதிரி ஐஸையும். தண்ணீர் பாட்டிலையே உறையவைத்துக் கொண்டுபோனால் குளிரூட்டியும் ஆயிற்று, மதியம் குடிக்கவும் ஆயிற்று. சமைத்த உணவு குளிரில்லாமல் 2 மணி நேரம் தாங்கும். வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் 1 மணி நேரம்தான்.

கடும் அலர்ஜிக்கு எபிநெஃப்ரின் (அட்ரினலின்) என்ற அவசர ஊசி வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் ரோலர்கோஸ்டர் வரிசை. பையை லாக்கரில் வைக்கச் சொல்வார்கள். ஊசி அதோடு போய்விடும். ஜிப் போட்ட இடுப்புப் பை பல சவாரிகளில் செல்லும். செல்லாவிட்டால், ஏறாமல் வெளியே நிற்பவர் கையில் இருக்கட்டும். இரண்டு ஊசி வேண்டும், ஏனென்றால் முதல் ஊசிக்கு அடங்காவிட்டால் 5 முதல் 15 நிமிடத்தில் அடுத்தது தேவைப்படலாம். வைக்க வேண்டிய வெப்பம் 20 முதல் 25 டிகிரி. வெயிலில் நிற்கும் காரிலும் வைக்காதீர்கள், ஐஸ் பாட்டிலோடு ஒட்டியும் வைக்காதீர்கள். கம்பியைப் பிடித்த கையைச் சானிடைசரால் துடைத்தால் வேர்க்கடலைப் புரதம் போகாது. சோப்பும் தண்ணீரும், இல்லாவிட்டால் பாக்கெட்டில் வரும் ஈரத் துடைப்பான் (வைப்ஸ்).

சர்க்கரை நோய்க்காரர்களுக்குச் சாப்பாட்டைவிட நடையே பெரிய கணக்கு. நாள் முழுக்க நடந்தால் சர்க்கரை இறங்கலாம். வரிசையில் நிற்கும்போது கையில் 15 கிராம் குளுக்கோஸ் இருக்கட்டும். இறங்கினால் தின்று, 15 நிமிடம் கழித்துச் சோதியுங்கள்.

இரவு வாணவேடிக்கை நேரத்துக்குள் சமையலறைகள் ஒவ்வொன்றாக அடைத்துவிடும், மிஞ்சுவது வண்டிகள்தான். பத்தியக்காரர் இரவுச் சாப்பாட்டை 6 மணிக்குள் முடித்துக்கொள்வது நல்லது. கொண்டுவந்ததில் ஒரு பாக்கெட்டை மட்டும், எவ்வளவு பசித்தாலும், வெளிவாசலைத் தாண்டும்வரை பிரிக்காமல் வையுங்கள்.