ஸ்கார்பரோ ஃப்ரீசரிலிருந்து வேளச்சேரி ஃபிரிட்ஜுக்கு

கனடாவில், டொராண்டோ நகரத்து ஸ்கார்பரோவில், எங்கள் வீட்டு பேஸ்மென்டில் மேல்மூடி வைத்த பெரிய ஃப்ரீசர் ஒன்று இருந்தது. எனக்குத் தெரிந்த தமிழ் வீடுகளில் அது இல்லாத வீடு குறைவு. அறக்குளா, கணவாய், ஆட்டிறைச்சி, துருவிய தேங்காய், முருங்கையிலை, ஊரிலிருந்து யாராவது கொண்டுவந்த ஒடியல் மா (காய்ந்த பனங்கிழங்கு மாவு) என்று அடிவரை அடுக்கியிருக்கும். நான் 1998-இல் யாழ்ப்பாணத்திலிருந்து போனவள். 1990-க்குப் பிறகு எங்களுக்குக் கரண்டே இல்லை, என் பள்ளிக்கூடக் காலம் முழுக்க ஃபிரிட்ஜைத் தொட்டுப் பழகியதில்லை. மீன் மிஞ்சினால் அம்மம்மா கீறி உப்புப் போட்டு வெயிலில் காயவைப்பார், கறி மிஞ்சினால் திரும்பக் கொதிக்கவைப்பார், அவ்வளவுதான். அப்படிப் போனவளுக்கு அந்தப் பெட்டி எவ்வளவு பெரிய நிம்மதி என்று சொன்னால்தான் புரியும். வெளியே மைனஸ் இருபது, பெட்டிக்குள் மைனஸ் பதினெட்டு, இன்னும் மூன்று மாதத்துக்கு மீன் இருக்கிறது.

2022-இல் கணவருக்கு சென்னையில் வேலை அமைந்தது. வேளச்சேரியில் இரண்டாவது மாடியில் வாடகைக்கு வீடு எடுத்தோம். மொழி ஒன்றுதானே, உனக்கென்ன கஷ்டம் என்று எல்லோரும் சொன்னார்கள். மொழி ஒன்றுதான். ஆனால் மீன் கடையில் அறக்குளா கேட்டால் முழிக்கிறார்கள், அது இங்கே வஞ்சிரம். கணவாய் இங்கே கடம்பா. பேசுகிறேன் என்பதற்கு நான் "கதைக்கிறேன்" என்றால் கதை சொல்கிறேன் என்று நினைக்கிறார்கள். இதெல்லாம் இரண்டு மாதத்தில் பழகிவிட்டது. பழகாமல் நின்றது சமையலறை, அதிலும் அந்த ஃபிரிட்ஜ்.

வீட்டுக்காரர் விட்டுப்போன ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ் அது. டைரக்ட் கூல் என்பார்கள், உள்ளே மின்விசிறி கிடையாது, மேலே சின்னதாக ஒரு ஃப்ரீசர் அறை, நடுவில் பனியைக் கரைக்கிற டீஃப்ராஸ்ட் பட்டன். கனடாவில் இருந்தது தானாகவே பனியைக் கரைத்துக்கொள்ளும் வகை, கதவிலேயே இத்தனை டிகிரி என்று எழுத்தில் காட்டும். இங்கே ஒன்றிலிருந்து ஏழு வரை எண் போட்ட ஒரு திருகு. ஏழு என்றால் ஏழு டிகிரி என்று நான் நினைத்து, பாலுக்கு நாலுதானே வேண்டும் என்று நாலில் வைத்தேன். அந்த எண்ணுக்கும் டிகிரிக்கும் சம்பந்தமே இல்லை, எண் ஏற ஏறக் குளிர் கூடும், அவ்வளவுதான். ஏப்ரல் மாதம் ஆவின் பால் இரண்டாம் நாளே திரிந்தபோதுதான் விசாரித்தேன். பிறகு ஒரு சின்ன ஃபிரிட்ஜ் தெர்மாமீட்டர் வாங்கி, ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு நடுத்தட்டில் இரவு முழுக்க வைத்துக் காலையில் பார்த்தேன். ஒன்பது டிகிரி காட்டியது. கீழறை நாலுக்கு மேல் போகக் கூடாது, ஃப்ரீசர் மைனஸ் பதினெட்டில் நிற்க வேண்டும். சென்னை வெயிலுக்கு ஒரு எண், மழைக்காலத்துக்கு ஒரு எண் என்று மாற்றித்தான் ஆகவேண்டும், கனடாவில் நான் அதைத் தொட்டதே இல்லை.

அடுத்தது ஐஸ். இங்கே காற்றில் எப்போதும் ஈரம் இருக்கிறது. கதவைத் திறக்கிற ஒவ்வொரு முறையும் அந்த ஈரக்காற்று உள்ளே போய்ப் பனியாகப் படிகிறது. மூன்று வாரத்தில் ஃப்ரீசர் சுவரில் இரண்டு விரல் கனத்துக்கு ஐஸ், மீன் பொட்டலம் சுவரோடு ஒட்டிக்கொண்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சமைக்கிற அவசரத்தில் கத்தியை எடுத்து நெம்பினேன். ஸ்ஸ்ஸ் என்று ஒரு மெல்லிய சத்தம், சைக்கிள் டியூபில் காற்று இறங்குகிற மாதிரி. ஒரு நிமிடத்தில் அது நின்றுவிட்டது, ஆனால் அதன்பிறகு ஃபிரிட்ஜ் ஓடிக்கொண்டே இருந்தது, குளிரவே இல்லை.

மெக்கானிக் தம்பி வந்து கதவைத் திறந்ததும், "கத்தி வச்சீங்களாக்கா?" என்றுதான் முதலில் கேட்டார். அந்த ஃப்ரீசர் அறையின் சுவர்தான் கேஸ் ஓடுகிற இடம், மெல்லிய அலுமினியத் தகடு, ஒரு குத்துப் போதும். இப்போது வருகிற ஃபிரிட்ஜ்களில் பெரும்பாலும் ஆர் 600ஏ என்ற கேஸ்தான், ஐசோபியூட்டேன், தீப்பற்றக்கூடியது. சத்தம் கேட்டவுடன் அடுப்பை அணைத்து ஜன்னலைத் திறந்திருக்க வேண்டும், சுவிட்ச் எதையும் தொட்டிருக்கக் கூடாது என்று அவர் சொன்னபோது எனக்கு உடம்பு நடுங்கியது, என் மகள் அடுப்புக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். ஓட்டையை அடைத்தாலும் ரொம்ப நாள் தாங்காது என்றார். வீட்டுக்காரருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு, நாங்கள் கரண்ட் குறைவாக எடுக்கும் என்று காட்டுகிற ஐந்து நட்சத்திர ஸ்டிக்கர் ஒட்டிய, பனியைத் தானே கரைத்துக்கொள்ளும் ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஒன்று வாங்கினோம். அப்போது இங்கே ஈபி பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்தது, முதல் 100 யூனிட் இலவசம், அதற்குமேல் போகப்போக யூனிட் விலை ஏறும், ஃபிரிட்ஜோ நாள் முழுக்க ஓடுகிற ஒன்று. அதனால் அந்த ஸ்டிக்கரைப் பார்த்து வாங்குங்கள்.

டைரக்ட் கூல் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஐஸ் அரை சென்டிமீட்டர் தாண்டுவதற்குள் கரைத்துவிடுங்கள். ஐஸ் கனமாகப் படிந்தால் குளிர் உள்ளே இறங்காது, அது கம்பளி போர்த்தின மாதிரி. இரவு சாப்பாடு முடிந்து எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, பட்டனை அழுத்தி, கீழே ஒரு பழைய துணி போட்டுவிட்டுப் போய்ப் படுங்கள். அவசரமென்றால் ஒரு பாத்திரத்தில் சுடுதண்ணீர் வைத்துக் கதவைச் சாத்துங்கள். கத்தி, கரண்டிக்காம்பு, ஸ்க்ரூடிரைவர் எதுவும் வேண்டாம்.

புதுசு வந்த பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று இருந்தேன். மழைக்காலத்தில் ஒருநாள் மாநகராட்சியிலிருந்து கொசுப் புழு பார்க்கிற அக்கா வந்தார். பூந்தொட்டி, பக்கெட், மொட்டைமாடித் தொட்டி எல்லாம் பார்ப்பார்கள் என்று தெரியும். அவர் நேராக ஃபிரிட்ஜுக்குப் பின்னால் போனார். "கொஞ்சம் நகர்த்துங்கம்மா" என்றார். பின்பக்கம் கம்ப்ரஸருக்கு மேலே ஒரு பிளாஸ்டிக் தட்டு, உள்ளே கரைகிற பனித்தண்ணீர் குழாய் வழியாக அதில்தான் வந்து விழுகிறது, கம்ப்ரஸர் சூட்டில் ஆவியாகிப் போக வேண்டும். மழைக்காலத்தில் அவ்வளவும் ஆவியாவதில்லை. டார்ச் அடித்துக் காட்டினார். ஒரு விரல் ஆழத் தண்ணீரில் கமா குறி மாதிரி புழுக்கள் நெளிந்து நெளிந்து மேலே வந்து மூச்சு வாங்கிப் போய்க்கொண்டிருந்தன. டெங்குக் கொசு, பெரும்பாலும் இப்படித் தேங்கி நிற்கிற சுத்தமான தண்ணீரில் முட்டையிடும். ஒரு வாரம் பத்து நாளில் அது கொசுவாகிப் பறந்துவிடும். இருபத்துநாலு வருடம் கனடாவில் ஃபிரிட்ஜ் வைத்திருந்தேன், இப்படி ஒரு தட்டு இருப்பதே எனக்குத் தெரியாது. அந்த அக்கா திட்டவில்லை, "வாரம் ஒருநாள், வெள்ளிக்கிழமை வீடு துடைக்கிறப்ப இதையும் கொட்டித் தேய்ச்சிடுங்க" என்றார். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை தவறியதில்லை. தட்டை வெறுமனே கொட்டினால் போதாது, ஓரத்தில் முட்டை ஒட்டியிருக்கும், பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும். ஃபிரிட்ஜை நகர்த்துவதற்கு முன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

நகர்த்துகிற அன்றைக்கே பின்பக்கத் தூசியையும் துடைத்துவிடுவேன். சுவருக்கும் ஃபிரிட்ஜுக்கும் நடுவில் நாலு விரல் இடம் விடுகிறேன், சூடு வெளியேற வழி வேண்டுமே. கதவு ரப்பரில் பத்து ரூபாய் நோட்டை வைத்துச் சாத்தி இழுத்துப் பார்க்கலாம், சுலபமாக உருவி வந்தால் ரப்பர் தளர்ந்துவிட்டது.

சாப்பாட்டுக்கு வருகிறேன். ஸ்கார்பரோவில் தோசை மா புளிக்க வேண்டுமென்றால் ஓவனுக்குள் லைட்டைப் போட்டு இரவு முழுக்க வைப்பேன், அப்படியும் சில நாள் பொங்காது. இங்கே மே மாதம் ஆறு மணி நேரத்தில் பாத்திரத்தை விட்டு வழிகிறது. அந்த வேகம் மாவுக்கு மட்டும் இல்லை, கெட்டுப்போக வைக்கிற கிருமிக்கும் அதே வேகம்தான் என்பது எனக்கு உறைக்கக் கொஞ்சம் காலம் பிடித்தது. சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே வைக்க வேண்டும் என்பது பொது விதி, வெளியே 32 டிகிரிக்கு மேல் என்றால் ஒரு மணி நேரம்தான். சென்னையில் வருடத்தில் பாதி நாள் அந்த ஒரு மணி நேரக் கணக்குத்தான். பெரிய குக்கரோடு சுடச்சுட வைக்காமல், அகலமான பாத்திரங்களில் பிரித்து, ஃபேனுக்குக் கீழே சூடு தணிந்ததும் உள்ளே வைக்கிறேன். சோறு விஷயத்தில் ரொம்பக் கவனம். வேகவைத்தாலும் சாகாத ஒரு கிருமி அரிசியில் உண்டு, வெளியே கிடக்கிற சோற்றில் அது பெருகி விஷம் விடும், திரும்பச் சூடாக்கினாலும் அந்த விஷம் போகாது.

எதிர்வீட்டு அக்காவிடமிருந்து கற்றுக்கொண்டவை எத்தனையோ. கறிவேப்பிலையைக் கழுவினால் ஈரம் போக உலர்த்தி, பழைய காட்டன் துணியில் சுற்றி டப்பாவில் போட்டால் இரண்டு வாரம் பச்சையாகவே இருக்கிறது. கொத்தமல்லியை வேரை நறுக்கிவிட்டு அதேபோல. வாழைப்பழம் உள்ளே வைத்தால் கறுக்கும், வெங்காயம் உள்ளே வேண்டாம். பச்சை மீனும் இறைச்சியும் மூடிய டப்பாவில் எப்போதும் கீழ்த்தட்டு, மேலே வைத்தால் சொட்டுகிற தண்ணீர் சமைத்த கறியில் விழும். நான் எதையும் மாதக்கணக்கில் வாங்கிக் குவிக்கிறேன் என்று அவர் ஆச்சரியப்பட்டார், "ஏம்மா, காலையில வண்டியில கீரை வருது, காசிமேட்டு மீன் வருது, நீ ஏன் ஐஸ்ல போடுற?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. ஆனால் அவர் கேட்டது என் மனதில் நின்றுவிட்டது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. 4-ஆம் தேதி திங்கட்கிழமை விடியும் முன்பே கரண்ட் போனது, தெருவில் இடுப்பளவு தண்ணீர். எனக்குப் பத்து வருடத்துக்கு முந்தைய டிசம்பர்தான் ஞாபகம் வந்தது. 2013-இல் டொராண்டோவில் ஐஸ் புயல் அடித்து மரங்கள் கம்பிகளின் மேல் முறிந்து விழுந்து, நகரத்தில் லட்சக்கணக்கான வீடுகள் இருளில் கிடந்தன, எங்களுக்கு மூன்று நாள் கரண்ட் இல்லை. வீட்டுக்குள் நடுங்கினோம், ஆனால் சாப்பாட்டைப் பற்றிக் கவலையே இல்லை, ரக்கூன் என்கிற பிராணி தூக்காமல் இருக்கப் பூட்டுகிற பெட்டிகளில் போட்டுப் பின்வளவுப் பனியில் வைத்துவிட்டோம். இங்கே எங்கே வைப்பது? வெளியே இருபத்தைந்து டிகிரி.

கதவைத் திறக்காமல் இருந்தால் கீழறை நாலு மணி நேரம் தாங்கும். ஃப்ரீசர் நிறைந்திருந்தால் 48 மணி நேரம், பாதி இருந்தால் 24. என்னுடையது பாதிதான் நிறைந்திருந்தது. மாலை நாலு மணிக்குத் திறந்து பார்த்தேன், வஞ்சிரத் துண்டுகளின் நடுவில் இன்னும் கல் மாதிரி ஐஸ். ஐஸ் இருக்கும்வரை தைரியமாகச் சமைக்கலாம், முழுக்க இளகி எவ்வளவு நேரம் கிடந்ததென்று தெரியாத எதையும் தொடக்கூடாது, நாற்றம் வராவிட்டாலும். கேஸ் அடுப்பு இருந்தது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் இருந்த மீன் அத்தனையையும் யாழ்ப்பாணத் தூள் போட்டுக் குழம்பு வைத்தேன், எதிர்வீட்டு அக்கா அரிசி கொண்டுவந்தார், மாடிப்படியிலேயே எட்டு வீட்டுக்கும் போனது. மூன்றாம் மாடித் தாத்தா, "இது என்னம்மா, குழம்புல தேங்காப்பால்?" என்று கேட்டு இரண்டாம் முறை வாங்கிக்கொண்டார். பிறகு அவர் வீட்டுப் பால், கீழ்வீட்டுத் தயிர் என்று கெடக்கூடியவை எல்லாம் படிக்கட்டுக்கே வந்தன. கரண்ட் வியாழக்கிழமை வந்தது. வந்தவுடன் போடவில்லை, வோல்டேஜ் ஏறி இறங்கி நிலைக்கட்டும் என்று பத்து நிமிடம் காத்திருந்து, ஸ்டெபிலைசர் வழியாகப் போட்டேன்.

இப்போது மீன் வாங்கினால் இரண்டு சமையலுக்கு மேல் வைப்பதில்லை. வைப்பதையும் கழுவி, ஈரம் ஒற்றியெடுத்து, ஒரு வேளைக்கு ஒரு பை, காற்றைப் பிதுக்கித் தட்டையாக மூடி, தேதி எழுதி வைக்கிறேன். காற்றுப் பட்டால் மீன் வெளிறிச் சக்கையாகிவிடும். எடுக்கிற அன்றைக்கு முதல்நாள் இரவே கீழ்த்தட்டுக்கு இறக்கிவிடுவேன், மேடையில் வைத்து இளகவிடுவதில்லை. மீதி இடத்தில் தண்ணீர் பாட்டில்கள், முக்கால்வாசி நிரப்பி, உறைந்து கிடக்கின்றன, கரண்ட் போனால் அவைதான் குளிரைப் பிடித்துவைக்கும்.

ஊருக்குப் போகும்போது இன்னொன்று செய்கிறேன். ஒரு சின்னக் கிண்ணத்தில் தண்ணீர் உறையவைத்து, மேலே ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துவிட்டுப் போவேன். திரும்பி வரும்போது நாணயம் மேலேயே இருந்தால் ஒன்றும் நடக்கவில்லை. அடியில் கிடந்தால் நாங்கள் இல்லாதபோது எல்லாம் உருகித் திரும்ப உறைந்திருக்கிறது, யோசிக்காமல் கொட்டிவிட வேண்டும். போன மாதம் யாழ்ப்பாணம் போய்ப் பத்து நாள் கழித்து வந்தோம். பெட்டியைக்கூட வைக்காமல் மகள் ஓடிப்போய் ஃப்ரீசரைத் திறந்து, "அம்மா, காசு மேலதான் இருக்கு!" என்று கத்தினாள்.