இரவுப் படத்திற்கு நான்கு ஹெட்ஃபோன்கள்

கைக்குழந்தை உறங்கும் வீட்டில் நால்வர் சேர்ந்து இரவில் படம் பார்ப்பதற்காக, முதலில் புளூடூத் ஹெட்ஃபோன்களையே நம்பினேன். ஆனால் வழக்கமான புளூடூத்தில் ஒரு கருவி மற்றொரு கருவியுடன் தனியே இணைகிறது என்பதால், எங்கள் தொலைக்காட்சி ஒரு ஹெட்ஃபோனை மட்டுமே ஏற்றது. அதிலும் எஸ்பிசி என்ற ஒலிச்சுருக்க முறையில் (கோடெக்) ஒலி ஏறத்தாழ 200 மில்லி விநாடி பிந்தி வந்து, உதடு ஒரு பக்கமும் வசனம் ஒரு பக்கமுமாக, மோசமான டப்பிங் படம் போலாகிவிட்டது.

பிறகு வாங்கியது, ஒரே டிரான்ஸ்மிட்டர் அனுப்புவதைப் பல ஹெட்ஃபோன்கள் வானொலியைப் போலக் கேட்கக்கூடிய ஆர்எஃப் (வானொலி அலை) வகை. தொலைக்காட்சியின் ஆப்டிகல் (ஒளிவழி ஒலி வெளியீடு) துளையில் டிரான்ஸ்மிட்டரைப் பொருத்தி, நான்கையும் ஒரே சேனலில் வைத்தும் ஒலி வரவில்லை. அரைமணி நேரம் கேபிளைக் குறைகூறிய பின்னரே, தொலைக்காட்சி டால்பி டிஜிட்டல் என்ற சுருக்கிய வடிவில் அனுப்புவதை அந்த டிரான்ஸ்மிட்டரால் பிரித்தறிய இயலாது என்பது புரிந்தது. ஒலி அமைப்பில் பிசிஎம் (சுருக்காத ஒலி) என்று மாற்றியதும் நால்வருக்கும் ஒரே கணத்தில் வசனம் கேட்டது. அவரவர் செவிக்கேற்ப ஒலியளவை வைத்துக்கொள்ளலாம் என்பது, காது மந்தமான என் மாமனாருக்குப் பெரும் வசதி.

2022இல் அறிவிக்கப்பட்ட ஆராகாஸ்ட் என்ற நுட்பம், புளூடூத்திலும் இத்தகைய ஒலிபரப்பைத் தருகிறது. ஆனால் அனுப்பும் கருவி, கேட்கும் கருவி இரண்டும் அதை ஏற்க வேண்டும் என்பதால், இருப்பதை மாற்ற எனக்கு அவசரமில்லை.