சிஸ்லியின் வெள்ளம்: தண்ணீரை மூன்றாவது முறை சுரண்டியாயிற்று

சிஸ்லியின் வெள்ளப் படத்தைப் பார்த்து நகல் வரைந்துகொண்டிருக்கிறேன். நேற்று ராத்திரி மறுபடியும் பேலட் நைஃபை (சாயம் குழைக்கிற, வழிக்கிற கத்தி) எடுத்து, வரைந்த தண்ணீர் முழுவதையும் வழித்துவிட்டேன். வானமும் இடதுபக்கத்து ஒயின் கடை வீடும் தப்பின.

மூலம், பிரான்ஸில் வாழ்ந்த இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியர் ஆல்ஃபிரட் சிஸ்லியின் ‘போர்-மார்லியில் வெள்ளம்’. போர்-மார்லி பாரீஸ் பக்கத்து ஊர். 1876இல் சேன் நதி ஊருக்குள் வந்தபோது, பக்கத்து மார்லி-லெ-ருவாவில் குடியிருந்தவர் வந்து வரைந்தது. மூலப்படம் பாரீஸ் ஓர்சே அருங்காட்சியகத்தில், 60க்கு 81 செ.மீ. நம்முடையது 12க்கு 16 இஞ்ச் போர்டு.

வெள்ளம் என்றதும் நுரையும் சுழலும் போடக் கை பரபரக்கும். இந்தப் படத்தில் அப்படி எதுவுமே இல்லை. வாசலில் படகு நிற்கிறது, அவ்வளவுதான். அந்த அமைதிதான் என்னைக் கொல்கிறது.

பக்கத்து நிறங்கள் கண்ணை ஏமாற்றாமல் இருக்க, அட்டையில் சின்ன ஓட்டை போட்டு அதன் வழியே படத்தின் பிரதியைப் பார்த்தேன். தண்ணீரில் நீலம் என்று நினைத்த இடமெல்லாம், அரிசி களைந்த தண்ணீரில் நாலு சொட்டு டிகாஷன் விட்ட நிறம்! (நெட்டில் கிடைக்கும் நாலு பிரதியும் நாலு நிறம் என்பது தனிப் புலம்பல்.) கோபால்ட் ப்ளூ, ரா அம்பர் (மண் பழுப்பு), கொஞ்சம் ஓக்கர் (மண் மஞ்சள்) கலந்தால் நிறம் வருகிறது. இன்றைய வழக்கமான வெள்ளையான டைட்டானியம் ஒயிட் சேர்த்த நிமிடம் சுண்ணாம்பு அடித்த சுவர் ஆகிவிடுகிறது. அப்புறம்தான் உறைத்தது: சிஸ்லி காலத்தில் ஓவியர்களுக்கு டைட்டானியம் ஒயிட்டே கிடையாது. அவர்களுக்கு ஈய வெள்ளை, இல்லாவிட்டால் ஜிங்க் எனும் துத்தநாக வெள்ளை. துண்டு அட்டையில் டைட்டானியத்தோடு பாதிக்குப் பாதி ஜிங்க் கலந்து பார்த்தேன். வெளுப்பு அடங்கி, அடியில் இருக்கிற நிறம் மூச்சு விடுகிறது. ஜிங்க் காய்ந்தால் நொறுங்கும் என்று திட்ட வருகிறவர்களுக்கு: தெரியும், அதனால்தான் பாதி.

இன்னொரு தப்பு, இழுத்து இழுத்துத் தேய்த்தது. அவர் தண்ணீர் குட்டை குட்டையான படுக்கைக் கோடுகள், ஒன்றோடொன்று குழையாமல். இரண்டு இழுப்புக்கு ஒருமுறை பிரஷைத் துடைத்தே ஆகவேண்டும். ஆறாம் நம்பர் பன்றி மயிர் ஃபிளாட் (தட்டை பிரஷ்) கேட்டால் கூரியரில் நைலான் வருகிறது. அந்தக் கடைக்கு ஒரு கும்பிடு.

வீட்டின் நிழல் தண்ணீரில் இன்னும் விழவில்லை. அதற்குள் இதே வெள்ளத்தில் அவர் வரைந்த படகுப் படத்துக்கு இன்னொரு போர்டில் ஜெஸ்ஸோ (சாயத்துக்கு அடியில் பூசும் வெள்ளைப் பூச்சு) பூசி மொட்டைமாடியில் காயப் போட்டிருக்கிறேன்.